பொன்னுசாமியின் பாடத்தில் நான் அழுத்திய பொத்தான்

பொன்னுசாமி இறந்த செய்திக்கு நான் வாழ்த்துச் சொல்லிவிட்டேன். எங்கள் பி.எட். வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் அவர் படம் வந்தது. சுற்றிலும் பூ வரைந்திருந்தது. என் மூக்குக் கண்ணாடி பக்கத்தில் இல்லை. பிறந்த நாள் போலும் என்று நினைத்து, "மனமார்ந்த வாழ்த்துகள் தம்பி" என்று தட்டி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஏனுங்க தேவராஜ், என்னங்க இப்பிடிப் போட்டுட்டீங்க? பொன்னுசாமி ராத்திரி நெஞ்சு வலியில போயிட்டாருங்க."

அதை எப்படி அழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பேத்தி வந்து அழிப்பதற்குள் குழுவில் பலர் பார்த்துவிட்டார்கள். வேண்டுமென்றே செய்தேன் என்று சிலர் நினைத்ததாகக் கேள்விப்பட்டேன். இல்லை. கண்ணாடி போடாததுதான் காரணம். ஆனால் அப்படி நினைக்க இடமிருக்கிறது என்பது எனக்கும் பொன்னுசாமிக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன். அவருடைய மாணவர்கள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் இருந்த ஒரு கல்லூரியில் தமிழாசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தோம். எனக்கு முப்பத்தாறு வயது, வகுப்பிலேயே மூத்தவன். அவருக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை. கல்வித் தொழில்நுட்பம் என்று ஒரு தாள் உண்டு. கல்லூரியில் இருந்தது கண்ணாடித் தாளில் எழுதியதைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் ஒரு ஓ.எச்.பி., ஒரு டேப் ரிக்கார்டர். இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஒருவர் பாடம் நடத்தும்போது இன்னொருவர் மெஷினை இயக்க வேண்டும். அதற்காக இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். எனக்கு அவர் கிடைத்தார்.

துடியலூருக்குப் பக்கத்துப் பள்ளியில் என் முதல் வகுப்பு. ஓ.எச்.பி.யில் நான் வைத்த தாள் சுவரில் தலைகீழாக விழுந்தது. திருப்பினேன், எழுத்துகள் இடம் வலம் மாறின. பிள்ளைகள் சிரித்தார்கள். பின்னாலிருந்து பொன்னுசாமி நடந்து வந்து தாளைச் சரியாக வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் சொன்னார்: "நீங்க முழிச்சிட்டு இருக்கறீங்களா, தூங்கறீங்களான்னு ஐயா பாத்தாருங்க. பரவால்ல, முழிச்சுத்தான் இருக்கறீங்க." அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில், "மெசினுக்குப் பயந்தா அது நம்மளப் பாத்துச் சிரிக்குமுங்ணா. நாம மொதல்ல சிரிச்சுப் போடோணும்" என்றார். அவரிடம் படித்தவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். முதலில் கேட்டவன் நான்.

என் குரல் சன்னமானது. கடைசி பெஞ்சுக்குப் போகாது. அதனால் ஒரு வழி யோசித்தேன். பாடத்தை நான் பேசுவதைவிட, நம் ஊர்க்காரர்கள் பேசுவதைப் பதிந்து வந்து வகுப்பில் ஒலிக்கவிடலாம். பிள்ளைகள் கேட்டு, கேட்டதைத் தங்கள் சொற்களில் எழுத வேண்டும். மைத்துனரிடம் ஒரு டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கி மூன்று மாதம் அலைந்தேன். காந்திபுரத்தில் கூவும் கண்டக்டர், சந்தையில் வெங்காயம் விற்கும் அம்மாள், இப்படி ஒரே கேசட்டில் சில குரல்கள். மெஷினில் ஓடும் மூன்று இலக்க எண்ணைப் பார்த்து, எந்தக் குரல் எந்த எண்ணில் தொடங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

கடைசியாகச் சோமனூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பாவைப் பதியப் போனேன். பண்ணையத்து வேலையிலிருந்து தறிக்கு வந்தவர் அவர். மெஷினைக் கண்டதும் வாயைத் திறக்கவில்லை. "நீ படிச்சவன். நீயே பேசிக்கொ" என்று சொல்லிவிட்டார். கூட வந்திருந்த பொன்னுசாமி அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். நான் ஓசைப்படாமல் பொத்தானை அழுத்தினேன்.

"இத்தன சத்தத்துல நூலு அறுந்தா எப்பிடீங்க தெரியும்?"

"காதுக்கு மொதல்ல தெரிஞ்சுபோயிருங் கண்ணு. தறி ஒரு மூச்சு உடற மாதிரி இருக்கும். கண்ணுக்கு அப்பறந்தான் தெரியும்."

"ஆரோடயாச்சும் பேசிட்டு இருந்தாலுங்களா?"

"பொண்டாட்டி வையறப்பக்கூட."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். பதிவு கெட்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். ஆகவே அந்தக் கேசட் யாருடையது என்று யாராவது கேட்டால், அப்பாவைப் பேச வைத்தது பொன்னுசாமிதான் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

கேசட்டின் முதுகில் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை ஒடித்துவிட்டால் அதன் மேல் வேறெதையும் பதிய முடியாது. அன்றே பேருந்தில் திரும்பும்போது சாவி முனையால் இரண்டையும் ஒடித்தேன். அவருக்கு அது புதிது. விளக்கிச் சொன்னேன். "அப்பாவ உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டீங்களேண்ணா" என்று சிரித்தார். ஒடித்த ஓட்டையின் மேல் செலோடேப்பை ஒட்டினால் மீண்டும் பதியலாம் என்பதையும் நானேதான் சொன்னேன்.

எங்கள் செய்முறைத் தேர்வைக் 'கமிஷன்' என்போம். வெளியூர்த் தேர்வாளர் வருவார். நாங்கள் பயிற்சி எடுத்த அந்தத் துடியலூர்ப் பக்கத்துப் பள்ளியில் ஜூன் மாதம் ஒரு தமிழாசிரியர் இடம் காலியாவதாகவும், கமிஷனில் நன்றாகச் செய்பவரை எடுத்துக்கொள்வதாகவும் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். இப்படி ஓர் ஆசிரியர் இடத்தை நம்பித்தான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்திருந்தேன். இதெல்லாம் பொன்னுசாமிக்குத் தெரியும். கமிஷனுக்கு இரண்டு நாள் முன்பு, கல்லூரி மெஷினில் எண்கள் மாறும், ஓட்டிப் பார்த்துப் புது எண்களைக் குறித்துத் தருகிறேன் என்று என் கேசட்டை வாங்கிப் போனார். நியாயமான பேச்சு. கொடுத்தேன்.

காலையில் அவருடைய முறை, மதியம் என்னுடையது. அவர் ஓ.எச்.பி.யை வைத்து நடத்தத்தான் பாடம் எழுதியிருந்தார். மணி அடிக்கும் நேரத்தில் என் கையில் ஒரு கேசட்டையும் எண்கள் எழுதிய சீட்டையும் வைத்தார். லேபிள் புதிது, அவர் பெயர் எழுதியிருந்தது. முதுகைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு தகடுகளும் இல்லை.

"என்ன தம்பி இது?"

"ஓ.எச்.பி. பல்பு போயிருச்சுங்ணா. இப்பத்தான். இன்னிக்கு ஒரு நாளைக்கு மானத்தக் காப்பாத்துங்க. மத்தியானத்துக்குள்ள எக்ஸாமினர்கிட்ட, இது அண்ணனோட கேசட்டுன்னு நானே சொல்லிப்போடறேன்."

பல்பு போனது உண்மை. பிறகு பார்த்தேன். ஆனால் லேபிளின் பசை காய்ந்து ஓரம் சுருண்டிருந்தது. சீட்டு மையில், நிதானமாக எழுதப்பட்டிருந்தது. அன்று காலை ஒட்டிய லேபிள் அல்ல அது.

மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கண்டக்டரில் பிள்ளைகள் சிரித்தார்கள், எழுதினார்கள். அடுத்தது அப்பா. சீட்டில் கண்டக்டர் 87, அப்பா 137 என்று இருந்தது. என் நோட்டில் அந்த இரண்டு குரல்களுக்கும் இடையே ஏறக்குறைய நூறு எண்கள். இங்கே ஐம்பதுதான். நூற்றெண்பத்தேழை நூற்றுமுப்பத்தேழு என்று எழுதிவிட்டார். நான் சீட்டின்படி அழுத்தியிருந்தால் கண்டக்டர் பாதியில் கத்தியிருப்பார், பாடம் குலைந்திருக்கும், யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. என் விரல் பொத்தானின் மேல் இருந்தது. நாற்பது பிள்ளைகள் பென்சிலோடு காத்திருந்தார்கள். நான் 187க்கு ஓட்டி அழுத்தினேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு தறிக்காரருங்க" என்று பொன்னுசாமி அறிமுகம் செய்தார். இரண்டடி தள்ளி நான் இருந்தேன். "பொண்டாட்டி வையறப்பக்கூட" என்று அப்பா சொன்னபோது தேர்வாளரும் வாய்விட்டுச் சிரித்தார்.

ஏன் சரியாக அழுத்தினேன் என்று இத்தனை ஆண்டுகளாக யோசிக்கிறேன். நல்ல மனம் என்று சொல்லிக்கொள்ளத் துணிவில்லை. அப்பாவின் குரல் தப்பான இடத்தில் தொடங்கக் கூடாது என்று நினைத்தேனோ என்னவோ. வெறும் பழக்கமாகவும் இருக்கலாம்.

இடைவேளையில் பொன்னுசாமி தேர்வாளரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து தோளில் கை வைத்து, "சொல்லிட்டேனுங்ணா, தைரியமா நடத்துங்க" என்றார்.

மதியம் தேர்வாளர் என்னைக் கேட்டார்: "உங்க துணைக்கருவி எங்கீங்க? காலையில உங்க சிநேகிதர் எத்தன பாடுபட்டு ஊரெல்லாம் சுத்திப் பதிஞ்சுட்டு வந்திருக்காரு. அதையே நீங்களும் போடப்போறதில்லீங்களே?"

நான் பொன்னுசாமியைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரும்பலகைதானுங்க ஐயா" என்றேன்.

குரல் போதவில்லை, துணைக்கருவி இல்லை என்று தேர்வாளர் எழுதிவிட்டுப் போனார். ஜூன் மாதம் பொன்னுசாமி அந்தப் பள்ளியில் சேர்ந்தார். நான் சரவணம்பட்டியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் போனேன். நிலையான வேலை கிடைக்க ஏழு ஆண்டு ஆனது. பெரிய மகளைக் கல்லூரிக்கு அனுப்ப முடியாமல் போனது அந்த ஏழு ஆண்டில்தான். இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கேசட்டை மட்டும் கேட்டேன். "தாரேனுங்ணா" என்பார். மூன்றாம் ஆண்டு அப்பா இறந்தார். காரியம் முடிந்த வாரமே அவர் வீட்டுக்குப் போனேன். சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட வைத்தார். அப்பாவைப் பற்றிப் பேசிக் கண் கலங்கினார். "பள்ளிக்கூடத்து பீரோவுல பத்திரமா இருக்குதுங்ணா." அதன் பிறகு நான் கேட்கவில்லை.

நீங்கள் எல்லாரும் புகழும் 'கேட்டெழுதும் வகுப்பு' அப்படித்தான் பிறந்தது. அவர் அதை வளர்த்தார் என்பதை மறுக்க மாட்டேன். நானாக இருந்தால் நான்கு சுவருக்குள் வைத்திருப்பேன். அவர் மற்ற பள்ளிகளுக்கும் கொண்டுபோனார். பணி ஓய்வு விழாவில் என்னை மேடைக்கு அழைத்து, "அந்தக் காலத்துல எனக்கு மெசின் புடிச்சவரு" என்று அறிமுகம் செய்தார். நீங்கள் கை தட்டினீர்கள். நான் கும்பிட்டேன்.

அவர் காரியம் முடிந்து சில நாளில் அவருடைய மகள் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தார். "பெட்டி மேல 'அண்ணனுடையது'ன்னு எழுதி வெச்சிருந்தாருங்க பெரியப்பா. உங்களைத் தவிர அப்பா யாரையும் அண்ணன்னு சொன்னதில்லீங்களே." உள்ளே என் கேசட். முதுகில் இரண்டு ஓட்டைகளின் மேலும் செலோடேப், பழுத்த மஞ்சள் நிறத்தில்.

உக்கடத்தில் ஒரு பழைய மெஷினை வாங்கி வந்தேன். மூன்றாவது மெஷின் என்பதால் எண்களை நம்பாமல் இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்டேன். கண்டக்டர் இல்லை, வெங்காயக்கார அம்மாள் இல்லை. முழுக்கப் பொன்னுசாமி பாடம் நடத்துகிறார். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் பிள்ளைகளிடம் சொல்கிறார்: "எங்கப்பா தறி ஓட்டுனவரு. நூலு அறுந்தா காதுக்குத்தான் மொதல்ல தெரியும்பாரு. தறி ஒரு மூச்சு உடற மாதிரி இருக்குமாமா. பேசிட்டு இருந்தாலுங்களான்னு கேட்டா, பொண்டாட்டி வையறப்பக்கூடம்பாரு." பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதே இடத்தில்.

அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். நான் அவரைப் பார்த்திருக்கிறேன்.

என் அப்பா சொன்ன அந்த வார்த்தைகள் இன்று ஒலியாக இருப்பது அந்த ஓர் இடத்தில்தான், பொன்னுசாமியின் வாயில். மறுநாள் காலை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கேசட்டின் முதுகில் இருந்த செலோடேப் இரண்டையும் நகத்தால் உரித்து எடுத்தேன். இனி அதன் மேல் யாரும் எதையும் பதிய முடியாது. லேபிளில் அவர் பெயர் இருக்கிறது. அதை மாற்றவில்லை. என் நோட்டோடு சேர்த்துப் பீரோவில் வைத்திருக்கிறேன்.