பெரட்டுக்கு வராத சுரம்

போன வாரம் பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு வாலிபர். மடியில் கிட்டார் பை, கையில் போன். காதில் மாட்ட ஒன்றும் கொண்டு வரவில்லை போலிருக்கிறது, அல்லது பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் பாட்டுக்காரர்களாக்கி விடுவது என்று முடிவு செய்திருந்தாரோ என்னவோ. போனுக்குள் தொப்பி போட்ட ஒருவர் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று மியூசிக் தியரி நடத்தினார். “ஸ்கேல்ல இல்லாத நோட்ட தொட்டுடாதீங்க மக்களே, பாட்டே கெட்டுப்போயிடும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பில்லை, மூக்கு வழியாக வருகிற சிரிப்பு. வாலிபர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்தக் கிழட்டுக்கு என்ன தெரியும் என்ற பார்வை. எனக்கு இன்னும் நாற்பதே ஆகவில்லை.

அந்த வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். தொப்பி மட்டும் இல்லை. அதைச் சொல்லியே ஒரு பெண்ணின் பாட்டைக் கெடுத்தேன். அவள் பிறந்ததிலிருந்து கட்டிய ஒரே பாட்டு அது. தொப்பிக்காரர் மேல் வந்த எரிச்சலில் முக்கால்வாசி என் மேலேயே வந்தது என்பதை உங்களிடம் மறைப்பானேன்.

அப்போது பதுளை பஸாரில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் வேலை பார்த்தேன். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். சூடான தாளும் மைத்தூளும் கலந்த ஒரு வாசனை உண்டே, அது சட்டையில் ஏறிவிட்டால் சவர்க்காரத்துக்கும் போகாது. இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்கு ‘டொமினன்ட் செவன்த்’ என்ற இசைப் பாடம் ஞாபகம் வருகிறது. காரணம் இருக்கிறது. டவுனில் பியானோ சொல்லிக் கொடுக்கிற ஒரு மிஸ், இசைப் பரீட்சைக்கான இங்கிலீஷ் பாடத்தைத் தாள்கட்டாகக் கொண்டுவந்து பத்துப் பிரதி கேட்டார். நான் பதினொன்று எடுத்தேன். கடை முதலாளியை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி இது, கோட்டுல எல்லாம் கொசு செத்துக் கெடக்கு?” என்றார். நான் இளக்காரமாக ஒரு புன்னகை செய்தேன். பாவம் மனிதர், கலை தெரியாதவர் என்ற புன்னகை. அந்த வயதில் அந்தப் புன்னகை என்னிடம் தாராளமாக இருந்தது.

அவசரத்தில் ஒரு பிசகு. அந்தத் தாள்கள் இரண்டு பக்கமும் அச்சானவை. மிஸ்ஸுக்குரிய பத்தையும் ஒழுங்காக எடுத்த நான், எனக்கென்று எடுத்ததில் முன்பக்கத்தை மட்டும் எடுத்திருந்தேன். ஆக ஒற்றைப்படைப் பக்கங்கள் மட்டுமே என்னிடம் இருந்தன. விதியெல்லாம் எனக்கு வந்துவிட்டது, விதிவிலக்கெல்லாம் மிஸ்ஸோடு போய்விட்டது. பதினேழாம் பக்கம் ‘இருந்தாலும்’ என்ற சொல்லோடு முடிந்தது. இருந்தாலும் என்ன என்று கேட்கத் தோன்றாத மூளை எனக்கு. பல வருடம் கழித்து ஒரு முழுப் புத்தகம் கைக்கு வந்தபோதுதான் பதினெட்டாம் பக்கத்தைப் படித்தேன். இருந்தாலும், வெளியிலிருந்து வரும் சுரங்களே பல சமயம் பாட்டுக்கு உயிர் கொடுக்கும் என்று இருந்தது.

அரைப் புத்தகம் படித்தவனின் திமிர் முழுப் புத்தகம் படித்தவனுக்கு வராது. அம்மாவிடம் போய், “எனக்கு இப்ப மூணு கோட் தெரியும்மா” என்றேன். அம்மா அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டு, “மூணு கோட்டுலயும் கேசா? என்னடா செஞ்சு தொலைச்ச?” என்றார். கிட்டாரில் சுரங்களைச் சேர்த்து மீட்டும் கோட் வேறு, நீதவான் உட்காரும் கோட் வேறு என்று விளக்கினேன். அதில் மேஜர் கோட், மைனர் கோட் என்று இரண்டு வகை உண்டு என்றும் சொன்னேன். “மைனர்னா சின்னப் புள்ளைங்க கேசா?” என்று கேட்டார். இதற்கு மேல் இந்த லயத்தில், இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், இசை வளராது என்று தீர்மானித்தேன்.

டவுனில் என்னைப் போலவே மூன்று பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு கிட்டார், ஆளுக்கொரு நீளமுடி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரியில் ஒரு பணிஸை நான்காகப் பிய்த்துத் தின்றபடி, “மச்சான், அந்த எடத்துல சப்டொமினன்ட் போட்டா எப்படி இருக்கும் தெரியுமா?” என்று அரைக் கண் மூடிப் பேசுவோம். பேசினோமே தவிர யாரும் போட்டுக் காட்டியதில்லை. இரண்டு வருடத்தில் நான் ஏழு பாட்டுகள் எழுதினேன். ஏழும் சரியாக இருந்தன. சரியாக இருந்ததைத் தவிர அவற்றில் வேறு ஒன்றும் இல்லை. நிலா, மழை, விட்டுப் போன காதலி. எனக்கு வந்த காதலியே கிடையாது, பிறகு எங்கே விட்டுப் போவது.

அமலா எங்கள் லயத்தில் நாலாவது காம்பரா வீட்டில் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். அவளை வளர்த்தது அக்கா ஸ்டெல்லா. அவர்கள் அம்மா நோயாளி. ஸ்டெல்லா மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே, லயத்தில் இருக்கும் தங்கையைக் கூப்பிடுவாள். “அமலூ... ஏய்...” அந்த ‘ஏய்’ மட்டும் ஓர் இடத்தில் ஏறி, வளைந்து, நிற்கும். தோட்டம் முழுக்க அந்தக் கூப்பாடு தெரியும். உலை வை என்றும் அர்த்தம், மழை வருகிறது துணியை எடு என்றும் அர்த்தம். எது என்பது அமலாவுக்கு மட்டும் விளங்கும். பிறகு ஸ்டெல்லா வீட்டு வேலைக்கு குவைத் போனாள். அமலா படிப்பை விட்டுவிட்டு, அம்மாவுக்கு முடியாத நாட்களில் அம்மாவுக்குப் பதிலாகக் கூடை தூக்கினாள். தோட்டத்தில் அவள் பெயர் பதியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தபோது, “அண்ணே, ஒரு பாட்டு கட்டியிருக்கேன், கிட்டாருக்கு வருமான்னு பாக்குறீங்களா? அக்காவுக்கு அனுப்பணும்” என்றாள். வாசல்படியில் உட்கார்ந்து பாடினாள்.

மலைக்கு மலை கேட்டிருக்கும்
மகராசி ஒங் கூப்பாடு
கடலுக்கு அங்கிட்டு நீ போனா
காதுக்கு என்ன ஏற்பாடு

கடைசியில் “அமலூ... ஏய்...” என்று அக்கா கூப்பிடுவதை அப்படியே போட்டிருந்தாள். காதுக்கு என்ன ஏற்பாடு! என் ஏழு பாட்டையும் அடுப்பில் போடலாம் என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: அந்த ‘ஏய்’ தப்பு.

பாட்டு சி மேஜரில் இருந்தது. அந்த ‘ஏய்’ மட்டும் ‘ஏ’ சுரத்துக்கு மேலே, ‘பி ப்ளாட்’டுக்குக் கீழே எங்கேயோ நின்றது. கிட்டாரில் அதற்குக் கட்டமே இல்லை. விரலை வைக்கக் கட்டம் இல்லாத ஒன்று சுரமாக இருக்க முடியாது என்பது என் தீர்ப்பு.

அவளுக்கு விளங்கும்படி சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, “இங்க பாரு, காலையில பெரட்டுல பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புறாங்க இல்லையா? ஸ்கேல்னா அதான். சி மேஜர்ல ஏழு பேர் பதிஞ்சிருக்கு. அந்த ஏழு பேருதான் வேலைக்கு வரலாம். இந்த ‘ஏய்’ பேர் பதியாத ஆளு” என்றேன். சொல்லும்போதே என் உவமையில் நானே மயங்கினேன்.

அமலா விடவில்லை. “என் பேரும்தான் பதியல. நான் எடுக்கிற கொழுந்த மடுவத்துல நிறுக்காமயா விட்டாங்க?”

இப்போது நினைத்தாலும் எழுந்து நின்று கைதட்டலாம் போலிருக்கிறது. அன்றைக்கு நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? “அது வேற. இது தியரி.”

மூன்று நாள் சாயங்காலம் திருத்தினேன். ‘ஏய்’யைத் தூக்கி, அந்த ஏழில் ஒன்றான சுத்தமான ‘பி’யில் வைத்தேன். அவள் குரல் தானாகப் பழைய இடத்துக்கு நழுவும். நான் கிட்டார்ப் பலகையில் தட்டுவேன். மறுபடி பாடுவாள். ஒரு தடவை, “அக்கா இப்படிக் கூப்பிடாது அண்ணே” என்றாள். “அக்கா தியரி படிக்கல” என்றேன். இதை நானேதான் சொன்னேன், வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. மூன்றாம் நாள் அவள் குரல் நழுவவில்லை. அதை என் வெற்றி என்று எண்ணினேன்.

அந்த மாதம் கோயில் இளைஞர்கள் நடத்திய பாட்டுப் போட்டியில் அவளுக்கு முதலிடம். நடுவராக வந்தவர் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு மனிதர். பாட்டில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. “சுருதி பிசகாத பாட்டு” என்று மைக்கில் சொன்னார். என்னைப் போன்ற ஆள்தான், கொஞ்சம் வயது கூட. நான் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம். திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, “அக்காவுக்குப் புடிக்குமா அண்ணே?” என்று கேட்டாள். “எல்லாம் கரெக்டா இருக்கு” என்றேன். அவள் கேட்டது அதுவல்ல.

என் போனில் பாட்டைப் பதிந்தோம். குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த ஒரு பெண் மெமரி கார்டில் கொண்டு போனாள். பழைய மாதிரிப் பாடியதை ஒருமுறையாவது பதிந்து வைத்திருக்கலாம். தப்பை யாராவது பதிந்து வைப்பார்களா? கார்டில் இடமும் இல்லை, இருந்ததெல்லாம் பைலா ஆட்டப் பாட்டுகள்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் ஸ்டெல்லா பேசினாள். போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். பாராட்டு வாங்க நானும் போய் நின்றேன்.

“பாட்டு கேட்டேன்டி. ரொம்ப நல்லா இருக்கு, ரேடியோவுல வர்ற மாதிரி. ஆமா, கடைசியில அமலுன்னு கூப்பிடுதே, அது யாரு?”

அமலா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. “யாரோதான்க்கா” என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த வெட்கம் குறையவில்லை. அந்த மாதமே பேக்கரிக் கூட்டத்தை விட்டேன். முடியை வெட்டினேன். இரண்டாலும் யாருக்கும் நன்மை விளையவில்லை.

அமலா கல்யாணமாகி மொனராகலைக்குப் போனாள். ஸ்டெல்லா ஒன்பது வருடம் குவைத்தில் இருந்துவிட்டு ஊரோடு வந்தாள். லயம் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் மலையிலிருந்து யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒரு மிஸ்ட் கோல் போதும். மழை வந்தால் அது அடிக்கிறது, துணி உள்ளே போகிறது. நான் முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டேன். கம்பியை விரலால் இழுத்துக் கட்டத்துக்கு நடுவில் இருக்கும் சுரத்தையும் வாசிக்கலாம் என்று இப்போது எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை இழுத்துப் பார்த்துவிட்டேன். எல்லா ‘ஏய்’யும் வருகிறது, அந்த ‘ஏய்’ வரவில்லை.

போன நத்தார்ப் பண்டிகைக்கு அமலா பிள்ளைகளோடு லயத்துக்கு வந்திருந்தாள். கேக் கொண்டு போகிற சாக்கில் போனேன். சுற்றிவளைத்துப் பேசிவிட்டு, “அந்தப் பாட்ட மொதல்ல பாடின மாதிரி ஒருக்கா பாடேன்” என்றேன். அவளுக்கு ஆச்சரியம். தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினாள். ‘ஏய்’ வந்து ‘பி’யில் நின்றது. தலையை ஆட்டிவிட்டு மறுபடி பாடினாள். மறுபடியும் ‘பி’. “வரல அண்ணே. இப்ப இப்படித்தான் வருது” என்றாள். “அக்காகிட்ட கேளுங்க. அவதானே கூப்பிட்டவ.”

இது எனக்கு ஏன் தோன்றவில்லை! ஸ்டெல்லா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். “அக்கா, முந்தி மேல்மலையில இருந்து அமலாவைக் கூப்பிடுவீங்களே, ஒரு தடவ கூப்பிடுங்களேன்” என்று கெஞ்சினேன். பக்கத்தில் இருப்பவளை எதற்குக் கத்த வேண்டும் என்று சிரித்தாள். பிள்ளைகளும் சேர்ந்து கேட்கவே, கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மலையைப் பார்த்து நின்று வாயருகே கையைக் குவித்தாள்.

“அமலூ... ஏய்...”

கிட்டார் தேவைப்படவில்லை. அது என்ன சுரம் என்று எனக்குக் கேட்டவுடனே தெரிந்தது. சுத்தமான ‘பி’.

“சரியா இருக்கா?” என்றாள் ஸ்டெல்லா. “மறக்குமா? அங்க இருந்த வரைக்கும் தெனம் அந்தப் பாட்டுக் கார்டத்தானே போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

“சரியா இருக்குக்கா” என்றேன்.