சித்ராய் பேர் சொன்னால் வரும் மாடுகள்

தாவீது ராஜாவின் மாடுகளுக்கு விசாரிப்புக்காரராக இருந்தவர் பேர் சித்ராய். வேதத்தில் ஒரே இடத்தில் தலையைக் காட்டிவிட்டுப் போகிற ஆள். பாலசமுத்திரத்து உபதேசியாருக்கு என்ன தோன்றியதோ, தேடிப் பிடித்து அதையே மகனுக்கு வைத்தார். ஊர் சும்மா விடுமா? ‘சித்ராக்கா’ என்று கிண்டலடித்தே தீர்த்தது. கடைசியில் பேருக்கேற்ற வேலைதான் வாய்த்தது, ஆதிநாராயணன் பால்பண்ணையில் மேஸ்திரி.

அந்த நாட்களை நினைத்தால் சித்ராய்க்கு இன்றும் இனிக்கும். விடியலில் கொட்டகை வாசலில் நின்று பேர் சொல்லுவார். கங்கா என்றால் கங்கா மட்டும் வரும், கோதாவரி என்றால் கோதாவரி. மனைவி செம்போடு கறக்க உட்கார்ந்திருப்பாள். அவளை மட்டும் பேர் சொன்னதே இல்லை. “இந்தாமே” தான். பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அவர் வீட்டில் கிடையாது. பண்ணையாட்களுக்கும் அவள் மேஸ்திரியம்மா, அவ்வளவுதான்.

அவள் இறந்த வருஷம் பிறந்த கன்றுக்கு யமுனா என்று அவள் பேரையே வைத்தார். கங்காவுக்கு ஜோடியாக வைத்ததாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். தினமும் வாய் நிறையக் கூப்பிடுவார். உயிரோடிருந்தபோது ஒருநாளாவது கூப்பிட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொள்வார்.

ஆதிநாராயணன் போனபின் மகன் ஹேமநாத் பண்ணையை மூடிவிட்டான். சித்ராய் இனி திருப்பதியில் மகள் வீட்டில். அது மூன்றாவது மாடி, யமுனாவை எங்கே கட்டுவது?

மாடுகளை வாங்கின மாசிலாமணி காளஹஸ்தியிலிருந்து லாரியோடு வந்தார். ஏற்றுவதற்குச் சாய்த்துவைத்த பலகையில் ஒரு மாடும் கால் வைக்கவில்லை. டிரைவர் கழியை எடுத்தான்.

“அடிக்காத நைனா, நான் கூப்புடுறேன்.”

லாரிக்குள் ஏறி நின்று பேர் சொன்னார். ஒவ்வொன்றாக நம்பி வந்தன. அந்த நம்பிக்கைதான் அவரை வதைத்தது.

கடைசியாக யமுனா நின்றது. வாயில் பேர் வரவில்லை. இறங்கிப்போய், கழுத்தில் கைபோட்டு, மெல்ல நடத்தி ஏற்றினார்.

மாசிலாமணி நல்ல மனுஷன். “பேரு சொன்னாதான் வருதுங்க போல. நாங்களும் அப்டியே கூப்புடுறோம். இதும் பேரு இன்னாண்ணா?”

இனி அந்தப் பேரை யார் யாரோ கூப்பிடுவார்கள். சித்ராய் மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றார்.

“இதுக்கு இன்னும் பேரு வெக்கல,” என்றார்.