இருபது ஆட்டத்துக்குப் பத்து விநாடி

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஸ்பிரிங் அப்படியில்லை. எடையைத் தொங்கவிட்டு இழுத்து விட்டால் கொஞ்ச நேரம் ஆடும், பிறகு அலுத்துப்போய் நின்றுவிடும். பொறியியல் கல்லூரியின் அதிர்வு லேப்பில் பதினாறு வருடமாக உதவியாளனாக நின்று அதையே பார்த்ததில், அந்த அலுப்பு எனக்கும் வந்துவிட்டது.

நான் பத்தாவதோடு நின்றவன். பாடமெல்லாம் கருவிகளைத் துடைக்கும்போது காதில் விழுந்ததுதான். ஸ்பிரிங்கில் ஐந்து கிலோவை மாட்டி ஆடவிட்டு, இருபது ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து போடுகிற கணக்கு. பழைய ஸ்பிரிங்குக்குப் பத்து விநாடி. சீனியர் ரெக்கார்டில் பத்து இருக்கும். ஜூனியர் அதைப் பார்த்து ஒன்பதே முக்கால் என்றோ பத்தேகால் என்றோ எழுதிக்கொள்வான். ரீடிங் ஓட்டுவது என்று இதற்குப் பெயர்.

அந்த ஸ்பிரிங்கின் கொக்கி ஒருநாள் அறுந்தது. புதிது கேட்டு எழுதிக் கொடுத்தால் பேப்பர் துறையிலிருந்து ஆபீசுக்கும் ஆபீசிலிருந்து துறைக்கும் நடக்கும். நடக்கிற பேப்பருக்குக் கால் வலிக்காது, காத்திருக்கிறவனுக்குத்தான் வலிக்கும். சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சாமான் விற்கிற கடையில் அதே நீளத்தில் ஒன்று வாங்கி மாட்டினேன். இது கொஞ்சம் இளக்கம், பன்னிரண்டு விநாடி எடுக்கும். யாராவது வந்து ஏன் என்று கேட்கட்டும், அப்போது சொல்லுவோம் என்று இருந்தேன். மூன்று வருடம் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பத்து என்றே எழுதினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

போன வருடம் செய்முறைத் தேர்வில் சீட்டு எடுத்தபோது நான்கு பேருக்கு ஸ்பிரிங் சோதனை விழுந்தது. மூன்று பையன்களும் ஒரு பெண்ணும். அவள் திருவேங்கடம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். முந்தின தேர்வுக்குக் காய்ச்சலில் வர முடியாமல் போனதால், படிப்பெல்லாம் முடிந்தும் இந்த ஒன்று மட்டும் பாக்கி. சென்னையில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். இதில் தேறினால்தான் சேர முடியும்.

பையன்கள் எடையைத் தொடாமலே எழுதி முடித்துவிட்டார்கள். அவள் நான்காவது தடவையாக ஆடவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, எனக்குப் பன்னெண்டே வருது."

"வந்தத எழுதும்மா" என்றேன். அதற்கு மேல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வெளிக்கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நான்கு தாளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். அவருக்கும் களைப்புதான், சாயங்காலம் இன்னொரு கல்லூரிக்குப் போக வேண்டும். "மூணு பேருக்குப் பத்து. உனக்கு மட்டும் எப்படிம்மா பன்னிரண்டு? எண்ணத் தெரியாதா?" என்று சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

அவள் ஸ்டாப் வாட்ச்சைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். எங்கள் துறை ஆசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறந்தால் மூன்று பேர் மாட்டுவார்கள். என் வேலையும் வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"சார், அது பழைய ஸ்பிரிங் இல்ல. நான்தான் மாத்துனேன். அந்தப் பிள்ள எண்ணுனது சரி."

"எப்ப மாத்துனீங்க?"

"மூணு வருசமாச்சு சார்."

அவர் எழுந்துபோய்த் தானே எடையை மாட்டி எண்ணினார். பன்னிரண்டு. பேனாவை மூடினார். "நாலு பேரும் திரும்பச் செய்யுங்க, என் கண்ணு முன்னால" என்றார்.

இருப்பது ஒரே ஸ்பிரிங். ஒவ்வொருவராகச் செய்து முடிப்பதற்குள் கல்லூரி பஸ் போய்விட்டது. ரோட்டில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கையில் ஒரு பையன் சொன்னான்: "நல்லா இருக்கு அண்ணாச்சி. மூணு வருசம் அமுக்கி வச்சிட்டு எங்க பரீச்ச அன்னைக்குத்தான் ஞானம் வந்துச்சாக்கும்."

"நீ ஒருதடவ ஆட்டிப் பாத்திருந்தா நான் ஏம்லே வாயத் தொறக்கேன்" என்றேன். அவன் சொன்னதும் சரிதான், அதனால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. அவள் தள்ளி நின்று வீட்டுக்கு போன் பேசிக்கொண்டிருந்தாள். நால்வரும் தேறினார்கள். அவள் சென்னைக்குப் போய்விட்டாள். எனக்கு ஒரு விளக்கக் கடிதமும் துறைத்தலைவரிடம் அரைமணி நேர வசவும் மிச்சம்.

இந்த வருடம் அந்த ஸ்பிரிங்கும் போய்விட்டது. முறைப்படி எழுதிக் கேட்டு, ஐந்து மாதம் கழித்துப் புதிது வந்தது. முறுக்கான சாமான், ஒன்பது விநாடிதான். 'ஸ்பிரிங் மாற்றப்பட்டுள்ளது' என்று பெரிய எழுத்தில் எழுதி ஸ்டாண்டிலேயே ஒட்டினேன். போன வாரம் ரெக்கார்டுகளை அடுக்கும்போது பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பன்னிரண்டு. தேர்வுக்குப் பிறகு அவள் பன்னிரண்டு என்று திருத்திவிட்டுப் போன ரெக்கார்டு கைமாறி வந்திருக்கிறது.

"ஏலே, ஒருதடவ தொங்கவிட்டுப் பாக்கலாம்ல" என்றேன்.

"அந்த அக்கா கரெக்டாத்தான் போட்டிருக்காங்க அண்ணாச்சி" என்றான் ஒருவன், தலையைத் தூக்காமல்.