மூன்றாம் சரணம்

என் கணவர் இறந்துபோனபிறகு நாத்தனாரும் நானும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைக்கிறோம். எனக்குப் புருஷன் என்றால் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஆனால் மெஷினைப் போட்டதுமே பாட ஆரம்பித்துவிடுவாள். அவரைப் புதைத்த அன்று அடக்க ஆராதனையில் பாடிய அதே கீர்த்தனை. மூன்றாம் சரணத்தில் மெஷினை இன்னும் வேகமாக ஓட்டுவாள். அந்த இரைச்சலில் பாட்டே கேட்காது. அவ்வளவு உற்சாகமாம்! எனக்கு வயிறு எரியும். முழங்கால் தேய ஜெபம் பண்ணுகிறவள் நான். கர்த்தர் சமாதானத்தை அவளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு என்னிடம் கையை விரித்துவிட்டாரா? அந்தக் கடுப்பில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வைத்துத் தைத்தேன்.

நேற்று மூன்றாம் சரணம் வந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மெஷின்கள் நின்றன. பாட்டு கேட்கும் என்று பார்த்தால், விசும்பல்தான் கேட்டது.

"என்னம்மா ஆச்சு?"

"அண்ணன் ஷேவ் பண்றப்போ பாடுற சரணம் இது. பாட்டுல இந்த இடம் வந்தா எப்பவுமே தொண்டை அடைச்சுக்கும், அண்ணி. மெஷின் சத்தத்துல உங்களுக்குத் தெரியாது."

எத்தனையோ காலைகளில் நானும் அவர் பாடிக் கேட்ட சரணம்தானே! அவள் விட்ட இடத்திலிருந்து நான் பாடினேன். என் குரலைக் கேட்டால் பாடகர் குழுவே ஓடிவிடும். ஆனாலும் கடைசி அடி வரை பாடினேன். பாடப் பாட நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே முறைத்துப் பார்த்தாள்.

"அழாம பாடி முடிச்சிட்டீங்களே, அண்ணி! எனக்கு வயிறு எரியுது."