சஹனில் என் பக்கம்

அன்று சோதனை முடிவைக் கேட்கக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். சென்ற ஹஜ் பெருநாள் முடிந்த கையோடு இரத்தமும் சிறுநீரும் சோதித்திருந்தார்கள்.

"சீனி பரவாயில்ல. ஆனா இரத்தத்தில கொழுப்பு கூடிப் போச்சு. சிறுநீரில புரதமும் போகுது. இப்பிடியே விட்டா கிட்னி தாங்காது," என்றார் டொக்டர்.

புத்தளத்தில் உப்பு மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு இது. இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு கிடப்பதை நினைக்கவே முடியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

சீனி நோய்க்கான மாத்திரையை நான் தவறவிட்டதில்லை. மனைவியும் அளந்துதான் சோறு போட்டாள். என்னைக் கெடுத்தது கல்யாண வீடு. எங்கள் ஊரில் ஆறு பேர் சுற்றியிருந்து சஹன் என்ற ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவோம். நெய்ச்சோற்றின் மேலிருக்கும் நல்ல இறைச்சித் துண்டுகளை மூத்தவன் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. என் வயதுக்கு அந்த மரியாதை வாரா வாரம் கிடைத்தது. காரணம் சொல்லாமல் மறுத்தால் அவர்கள் மனம் நோகும். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"யா அல்லாஹ், என் கிட்னியைக் காப்பாற்று" என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில், எனக்காக இறைவனிடம் துஆ கேட்கும்படி பள்ளிவாசல் இமாமான ஹஸரத்திடம் போய் நின்றேன்.

"ஒரு நோயாளிக்குன்னு கேக்கவா நானா, ஒங்கட பேரச் சொல்லிக் கேக்கவா?" என்று, என்னை அண்ணன் முறையில் நானா என்றழைக்கும் ஹஸரத் கேட்டார்.

வெட்கத்தை விட்டுவிட்டு, "பேரச் சொல்லியே கேளுங்க. கிட்னி வருத்தத்தையும் சொல்லுங்க," என்றேன். ஹஸரத் அப்படியே கேட்டார்; பள்ளி முழுக்க ஆமீன் சொன்னது.

அடுத்த வாரம் தில்லையடியில் ஒரு கல்யாணம். எங்கள் சஹன் வந்தது. எதிரே இருந்த நண்பன் நஸீர் இறைச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மற்றவர்கள் வெள்ளரி போல நறுக்கி வைத்திருந்த கெக்கரிக்காயை எல்லாம் வழித்து என் முன்னால் குவித்தார்கள்.

"ஒங்கட பங்கு இதுதான் நானா. எறச்சிய நாங்க பாத்துக்கிறம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இந்த முறை சோதித்ததில் கொழுப்பு இறங்கியிருக்கிறது, புரதம் போவதும் குறைந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். என்ன செய்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். "நீங்க தந்த மருந்தக் குடிச்சன். காவலுக்கு எனக்கு அஞ்சு பேர் இருக்காங்க," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

வருத்தத்தை மூடிவைத்து அழுகிறவர்களே, வாய் திறந்து கேளுங்கள். நான் கிட்னியைத்தான் கேட்டேன். அல்லாஹ் ஐந்து பேருடைய கைகளையும் சேர்த்துத் தந்தான். இப்போதும் சஹனில் மூத்தவனுக்குரிய மரியாதை எனக்குத்தான். கெக்கரிக்காயில் ஒரு துண்டைக்கூட வேறு யாரும் தொடுவதில்லை.