உறைபனியில் வைத்த ஊசி மருந்து

1

கொடைக்கானலில் ஒரு சின்ன கிளினிக்கில் நான் நர்ஸ். சொந்த ஊர் பள்ளங்கி. அப்பாவும் அம்மாவும் கேரட் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

கிளினிக்கில் மருந்து பிரிட்ஜ் என் பொறுப்பு. ஊசி மருந்து இரண்டு டிகிரிக்குக் குறையவும் கூடாது, எட்டுக்கு மேலே போகவும் கூடாது. காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, நான் செய்த தவறு ஒன்றை எழுதுகிறேன்.

ஒரு மார்கழியில் மரம் விழுந்து கரண்ட் லைன் அறுந்துவிட்டது. டாக்டரம்மா தங்கை கல்யாணத்துக்கு மதுரை போயிருந்தார். மாலையில் பார்த்தால் பிரிட்ஜுக்குள் பதினோரு டிகிரி. கிளினிக்குக்கு வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதும் செல்வம் அண்ணன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம் பாப்பா கலங்குறே? ஊரே பிரிட்ஜாட்டம் கெடக்கு. டப்பாவ வெளிய வச்சிட்டுப் போ."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. காயம்பட்டு வருகிறவர்களுக்குப் போடும் டி.டி. ஊசி மருந்துக் குப்பிகளை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, தெர்மாமீட்டரையும் உள்ளே வைத்து, பின்பக்க ஜன்னல் கம்பிக்குள் வைத்துப் பூட்டினேன்.

காலையில் வரும்போது ஏரிப்பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. கிளினிக் போய்ச் சேர்வதற்குள் பின்பக்க ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. டப்பாவைத் திறந்தேன். நான்கு டிகிரி. நான்கு என்று எழுதினேன். சாமர்த்தியமாகச் செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

2

பகலுக்குள் மூன்று பேருக்கு அந்த மருந்தைப் போட்டுவிட்டேன். தகரம் கீறிய ஒரு டாக்ஸி டிரைவர். கத்தியில் விரலை வெட்டிக்கொண்ட ஒரு ஹோட்டல் சமையல்கார அக்கா. மூன்றாவது, வெள்ளகவியிலிருந்து ஏறி வந்த கருப்பையா. மம்பட்டி பட்டுப் பாதத்தில் ஆழமான காயம். ஊசி போட்டுப் பதினைந்து வருடம் இருக்கும் என்றார்.

நான்காவது ஆளுக்காக ஒரு குப்பியைக் குலுக்கினேன். அதற்குள் போன் வரவே, மேஜையில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது, குப்பியின் மேல்பாதி தெளிந்த தண்ணீர். அடியில் வெள்ளைத் திப்பி. நல்ல மருந்து இவ்வளவு சீக்கிரம் தெளியாது. உறைந்து கெட்ட மருந்துதான் இப்படித் தெளியும் என்று நர்சிங் வகுப்பில் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். இரவெல்லாம் உறைந்து, காலை வெயிலில் இளகி, என் தெர்மாமீட்டரில் நான்கு டிகிரியாக நின்றிருக்கிறது.

செல்வம் அண்ணன் கதவைச் சாத்தினார். "வெளிய சொல்லாத பாப்பா. நோட்டுல நாலுன்னுதான இருக்கு? சொன்னா ஒஞ் சோலிதான் போகும்."

உண்மையைச் சொல்கிறேன், ஐந்து நிமிடம் நான் அதை யோசித்தேன். என் சம்பளத்தை நம்பித்தான் தம்பியை பாலிடெக்னிக்கில் சேர்த்திருந்தோம். ஆனால் கருப்பையாவின் காலைக் கழுவியதும் நான்தான். அந்தக் காயத்தில் மண் எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று எனக்குத் தெரியும்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"எத்தன பேருக்குப் போட்டே?"

"மூணு பேரு மேடம்."

"யாரு, எந்த ஊருன்னு எழுதி வச்சிருக்கியா?"

"இருக்கு மேடம்."

"சரி, அழாத. அதுக்கு சாயங்காலம் நேரம் இருக்கு. ஜெனரேட்டர் இருக்கிற மருந்துக்கடையில புது ஊசி வாங்கு. மூணு பேருக்கும் திரும்பப் போடணும். கால்ல அடிபட்டவர விட்றாத."

"மேடம், நான் இனிமே வேலைக்கு வரலாமா?"

"நீ வரலன்னா அவருக்கு யாரும்மா ஊசி போடுறது?"

காத்திருந்தவருக்குப் புது ஊசி போட்டேன். டிரைவரும் சமையல்கார அக்காவும் போன் செய்ததும் வந்து போட்டுக்கொண்டார்கள். கருப்பையாவின் போனுக்கு சிக்னல் இல்லை. வெள்ளகவிக்கு பஸ்ஸும் இல்லை, ரோடும் இல்லை.

3

மறுநாள் வெள்ளனே நானும் செல்வம் அண்ணனும் காட்டுப் பாதையில் இறங்கினோம். என் தோளில் தடுப்பூசிப் பெட்டி. மருந்துக்கடையில் வாங்கிய ஐஸ் பாக்கெட்டை எடுத்த எடுப்பில் உள்ளே வைக்காமல், அதன் மேல் நீர் வியர்த்து, குலுக்கினால் தண்ணீர் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து வைத்தேன். இல்லாவிட்டால் இந்த மருந்தும் உறைந்துவிடும். கெட்ட குப்பி ஒன்றையும் தனியாகப் பையில் எடுத்துக்கொண்டேன். நான் சொல்வதை நம்பமாட்டார்களோ என்று பயம்.

வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் முழுக்கச் சாமி இருக்கிற இடம் என்பார்கள். நாங்களும் எல்லையில் கழற்றினோம். கருப்பையா வெறுங்காலோடு வாசலில் நின்றிருந்தார். நான் கட்டிய கட்டு செம்மண் நிறமாகியிருந்தது.

"நேத்து நான் போட்ட மருந்து கெட்டுப்போனதுண்ணே. தப்பு என்னோடது. திரும்பப் போட வந்திருக்கேன்."

"அப்ப நேத்து வலிச்சதெல்லாம் வீணா?" என்று சிரித்தார் அவர்.

அவர் மனைவி பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. "படிச்ச புள்ளதானத்தா நீ? எழுத்து தெரியாத எங்கள இப்படித்தான் நடத்துவீகளா?"

செல்வம் அண்ணன், "மருந்த வெளிய வைக்கச் சொன்னது நாந்தான், அந்தப் புள்ளைய வையாதீக" என்றார்.

"இப்பக் கொண்டாந்திருக்கிறது கெடலன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பேச்சியம்மாள்.

இரண்டு குப்பிகளையும் எடுத்தேன். கெட்டது எது, புதியது எது என்று சொல்லி, ஒன்றாகக் குலுக்கி ஒரு கல்லின்மேல் வைத்தேன். பேச்சியம்மாள் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஒலையில அரிசி போட்டவ மாதிரியில்ல பாத்துக்கிட்டு இருக்கா" என்றார் கருப்பையா.

"ஒம்ம காலுக்குத்தான்யா பாக்கேன், சும்மா கெடும்" என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

கால் மணி நேரத்துக்குள் கெட்ட குப்பியில் திப்பி அடியில் இறங்கிவிட்டது. புதியது அப்படியே கலங்கலாக நின்றது. பேச்சியம்மாள் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு நல்ல குப்பியை அவரே என் கையில் கொடுத்தார்.

"இதப் போடு."

போட்டேன். காயத்தைக் கழுவிப் புதுக் கட்டுப் போட்டு, அது ஆறும்வரை மேலே சுத்தமான துணி சுற்றித் தினமும் மாற்றச் சொல்லிக் கொடுத்தேன். காயம் நல்லபடியாக ஆறியது.

இப்போது எங்கள் பிரிட்ஜில் இரவின் மிகக் குறைந்த டிகிரியையும் காட்டும் மீட்டர் இருக்கிறது. டாக்டரம்மா வாங்கி வைத்தார். மீட்டர் எல்லா கிளினிக்கும் வாங்கலாம். நான் கற்றது வேறு. மருந்து நல்லதா என்று கேட்க ஒருவர் படித்திருக்க வேண்டியதில்லை. கேட்கிறவருக்குப் பொறுமையாகக் காட்டத்தான் நான் படித்திருக்கிறேன்.