இறங்குவதற்கு ஒரு ஜோடி

இன்னர்ஷ்டாலில் புது ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகை ஜோடி, வாங்கினால் முதலில் காலில் மாட்டிப் பார்க்க மாட்டார்கள். ஊர்ப் பால் கூட்டுறவுக் கூடத்துக்கு எடுத்துப்போய், பாலாடைக்கட்டி நிறுக்கிற பெரிய தராசில் வைப்பார்கள். அந்தக் குளிர்காலத்தில் யாருடைய ஜோடி எல்லாவற்றையும்விட இலேசோ, அவர் பெயரைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார்கள். அதைவிட இலேசாக ஒன்று வந்தால் பழைய பெயரை ஈரத்துணியால் அழித்துவிடுவார்கள். மலைமேல் ஏற்றிவிடுகிற லிஃப்ட் கிடையாத பள்ளத்தாக்கு அது. மேலே போக வேண்டுமானால் பலகையின் அடியில் பின்னால் வழுக்கவிடாத ஒட்டுத்தோலை ஒட்டிக்கொண்டு, பனி மேல் சொந்தக் காலால்தான் ஏற வேண்டும். காலில் தொங்குகிற கனத்தை அடிக்கு ஒரு தடவை நகர்த்த வேண்டும் என்பதால் அங்கே இலேசுதான் பேச்சு, இலேசுதான் பெருமை.

அந்த ஜனவரியில் சுவரில் ஏறிய பெயர் ரோஸ்விதா. அவளோ அந்த ஸ்கீயைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. ரொட்டிக் கடையில் தோழி ஆஃப்ரா சொல்லித்தான் தெரிந்தது.

"என்னடி, சத்தமில்லாம சுவத்துல ஏறிட்ட? உன் வீட்டுக்காரர் தராசு பக்கத்துல நின்னு ஊர்ல இருக்கற ஆம்பளைங்களுக்கெல்லாம் ஊத்திக் குடுத்துட்டு இருக்காரு."

"என்னத்தை நிறுத்தாரு?"

"உன் பிறந்தநாள் பரிசை. ரெண்டு பலகையும் சேர்ந்து ஒரு கோழி கனம்கூட இல்லையாம். போ, வீட்டுக்குப் போயி ஆச்சரியப்படற மாதிரி மூஞ்சியை வெச்சுக்கோ."

ரோஸ்விதாவுக்கு ஐம்பத்து நாலு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். பிறந்தது ஊருக்கு மேலே இருக்கும் கணவாய்க்கு அந்தப் பக்கம், அடுத்த பள்ளத்தாக்கின் கடைசியில் இருந்த மாட்டுப் பண்ணையில். நடை வந்த கொஞ்ச நாளிலேயே ஸ்கீயும் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போவது, பால் கேனைக் கொண்டுபோய்ப் போடுவது, பாதிரியாரைக் கூட்டிவருவது எல்லாம் அதன் மேல்தான். கெப்ஹார்டைக் கட்டிக்கொண்டபோது அவளுடைய அலமாரியும் துணிமணியும் லாரியில் மலையைச் சுற்றி அரைநாள் பயணப்பட்டு வந்தன. அவள் மட்டும் கணவாய் வழியாக ஸ்கீயில் இறங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் புகுந்த வீட்டு வாசலில் நின்றாள். மாமியார் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, காலணியிலிருந்து தரையில் உருகி ஓடிய தண்ணீரை.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் முழங்கால் கெட்டது மலையில் அல்ல. பள்ளிச் சமையலறையில், துடைத்த ஈரம் காயாத தரையில், ஒரு பானை பார்லி சூப்போடு வழுக்கி விழுந்ததில். சூப்பைக் கீழே விடாமல் பிடித்திருந்தாள். மூட்டுக்குள் ஏதோ அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை, பிறகு மாதக்கணக்கில் உடற்பயிற்சி. ஏறலாம், ஆனால் திடீரென்று மூட்டு திருகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மார்ச்சில் புனித யோசேப்பு நாளன்று இன்னர்ஷ்டால் பெண்கள் வரிசையாகக் கணவாய் ஏறி அந்தப் பக்கம் இருக்கும் சிற்றாலயத்துக்குப் போவார்கள். அது ரோஸ்விதாவின் பிறந்த வீட்டுக்குக் கூப்பிடு தூரம். அவள் அண்ணன் மனைவிதான் எல்லோருக்கும் சூப்பும் மாவுருண்டையும் போடுவாள். ஏற முடியாதவர்கள் கசகசா கேக்குகளோடு காரில் சுற்றிக்கொண்டு போய், மற்றவர்கள் வருவதற்குள் மேஜை போட்டு வைப்பார்கள். யாரும் யாரையும் ஒதுக்கியதில்லை. ஆனால் மூன்று வருஷம் தொடர்ந்து காரில் போன ஒருத்திகூடத் திரும்பவும் வரிசைக்கு வந்ததில்லை. நாலாம் வருஷம் கேக்கை யார் கொண்டுவருவது என்று அவளைத்தான் கேட்பார்கள்; அவளும் பழகிப்போவாள். ரோஸ்விதா இரண்டு வருஷம் காரில் போய்விட்டாள். வரப்போவது மூன்றாவது மார்ச்.

கெப்ஹார்டுக்கு இது தெரியும். அவர் கூட்டுறவுக் கூடத்தில் பாலாடைக்கட்டி செய்கிறவர். சொல்வதைவிட நிறுப்பதில் நம்பிக்கை உள்ளவர். மனைவியின் முட்டிக்கு என்ன செய்யலாம் என்று குளிர்காலம் தொடங்கியதிலிருந்து யோசித்து, போட்டிக்காரர்கள் போடுகிற, சுண்டினால் கணீரென்று ஒலிக்கிற ஒல்லியான ஜோடியை வரவழைத்திருந்தார்.

"தூக்கிப் பாரு. உனக்கு கால்ல ஏதாவது இருக்கான்னே தெரியாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஊருக்குப் பின்னால் இருக்கும் சரிவில் ஏறினார்கள். அவர் சொன்னது பொய்யில்லை. முந்தின நாள்வரை சாக்கு கட்டின மாதிரி இழுத்த கால், தானாக முன்னால் போனது. மரங்களைத் தாண்டியதும் சூரியன் எதிர்முகட்டைத் தொட்டது. இரவெல்லாம் பனி மேல் பூத்திருந்த உறைபனிச் செதில்கள், ஒவ்வொன்றும் விரல்நகம் அளவு, அவள் பலகை பட்டதும் கண்ணாடி நொறுங்குவதுபோல் மெல்ல ஒலித்துச் சரிந்தன. மூச்சுச் சத்தமும் அந்த ஒலியும் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. இரண்டு வருஷமாக ஜன்னல் வழியாகப் பார்த்த மலை இப்போது நெஞ்சுக்கு நேரே நிமிர்ந்து நின்றது. இத்தனை பெரிதாகவா இருந்தது இது என்று நினைத்தாள். முட்டியைப் பற்றிய நினைவே வரவில்லை.

இறங்கும்போது வந்தது. மேலே காற்று அடித்துக் கெட்டித்த பனி ஓடு, அதன் கீழே மெத்துமெத்தென்ற பனி. முதல் திருப்பத்திலேயே ஒல்லிப் பலகை மேல் ஓட்டைக் கிழித்து உள்ளே போய் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், அது வேறு பக்கம் துள்ளியது. கொஞ்சம் பின்னால் சாய்ந்ததும் சவாரிக்குப் பழகாத குதிரைபோல் உதறியது. இரண்டாவது திருப்பத்தில் விழுந்தாள். மூட்டு திருகவில்லை, ஆனால் திருகப்போன அந்த நொடி அவளுக்குத் தெரிந்தது. மிச்சச் சரிவைப் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே இறங்கினாள். முன்னாலேயே இறங்கி மரங்களுக்குக் கீழே காத்திருந்த கெப்ஹார்ட், "ஏறினதைப் பாத்தேன். ஆடு மாதிரி ஏறின" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, விழுந்ததை அவள் சொல்லவில்லை.

மறு வாரம் ஜோடியைக் காரில் போட்டுக்கொண்டு பள்ளத்தாக்கின் முகப்பில் இருக்கும் வெண்டலினின் ஸ்கீக் கடைக்குப் போனாள். வெண்டலினும் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஆள்தான். ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"சுவத்துல எழுதின மகாராணி வந்தாச்சா" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "என்ன, கடிக்குதா?"

"ஏறும்போது தேவதை. இறங்கும்போது என் மாமியார்."

அவன் சிரித்துவிட்டு உள்ளே போய் இன்னொரு ஜோடியை எடுத்து வந்தான். நடுவில் சற்று அகலம். முன்பகுதி படகு மாதிரி நீளமாக மேலே வளைந்திருந்தது. வாலை அவள் கையால் அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டு அவசரமில்லாமல் நிமிர்ந்தது. உள்ளே இலேசான மரம். தூக்கினால் கனமென்று சொல்ல முடியாது. ஆனால் மற்றதைவிடக் கனம்தான்.

"இது எப்படி?"

"இது அனுசரிச்சுப் போற ஜாதி. நீ நல்லா திரும்பினா நல்லா திரும்பும். நீ தப்பு பண்ணினா சத்தம் போடாது, கொஞ்சம் வழுக்கி விட்டுட்டு மறுபடி உன் காலுக்குக் கீழ வந்து நிக்கும். போட்டிக்காரனுக்கு ஆகாது. எடுத்துட்டுப் போ, ஒரு வாரம் ஓட்டிப் பாரு. இந்த ஒல்லியனை நான் வெச்சிருக்கேன்."

"அவருகிட்ட என்ன சொல்றது?"

"அது கடை வேலை இல்ல" என்றான் வெண்டலின்.

வேலை முடிந்த சாயங்காலங்களில் அவள் தனியாக அதே சரிவில் ஏறி இறங்கினாள். ஏறும்போது கனம் தெரிந்தது. நடுவில் இரண்டு தடவை நின்றாள். இறங்கும்போது அதே ஓடு, அதே மெத்து. பலகையின் மூக்கு உள்ளே போகாமல் மேலே மிதந்தது. வேண்டுமென்றே பின்னால் சாய்ந்து பார்த்தாள். பொறுத்துக்கொண்டது.

ஒளித்து வைக்க முடிகிற ஊரா அது? வார முடிவில் கெப்ஹார்ட் கொட்டகையில் புது ஜோடியைப் பார்த்துவிட்டார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு பால் கூடத்துக்கு நடந்தார். அவளும் மேலங்கியை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். தராசின் முள் போன இடத்தைப் பார்த்து அங்கே இருந்தவர்கள் விசில் அடித்தார்கள்.

"கெப்ஹார்ட், உன் பொண்டாட்டி பலகைல வெண்ணெய் தடவிக் கொண்டாந்திருக்கா."

"அழி, அழி, பேரை அழி. மறுபடி என் பேரை எழுது."

கெப்ஹார்டின் காது சிவந்துவிட்டது. "நான் குடுத்ததுல என்ன குறை?" என்று அவளைக் கேட்டார், மெதுவாக.

"ஏறுறதுக்கு ஒரு குறையும் இல்ல. அப்படி நான் என் சின்ன வயசுலகூட ஏறினதில்ல."

"பின்ன?"

"ஏறுறதை நிறுக்க உங்ககிட்ட தராசு இருக்கு. இறங்குறதை எதுல நிறுப்பீங்க? அன்னிக்கு நான் விழுந்தப்ப முட்டி திரும்பப் பாத்துச்சு, கெப்ஹார்ட். நான் உங்ககிட்ட சொல்லல."

விசில் அடித்தவர்கள் தராசைப் பார்த்தார்கள். இலேசு என்பதைத் தவிர வேறு எதையும் ஸ்கீயிடம் கேட்கத் தோன்றாத மனிதர்கள் அவர்கள். ஏறத் தெரிந்தவனுக்கு இறங்குவது தானாக வரும் என்று வளர்ந்தவர்கள். கெப்ஹார்ட் பலகையைத் தராசிலிருந்து எடுத்து, அதன் வாலைத் தரையில் ஊன்றி, நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். இன்னொரு தடவை அழுத்தினார். பாலாடைக்கட்டி பக்குவமாகிவிட்டதா என்று அவர் பார்ப்பது அப்படித்தான்.

"பரவால்ல, உயிர் இருக்கு" என்றார். ஈரத்துணியை எடுத்துத் தானே போய்ச் சுவரில் அவள் பெயரை அழித்தார். பலகையைத் தானே தோளில் சுமந்து வீடு திரும்பினார். கொட்டகைக்குள் நுழைந்ததும், "ஒட்டுத்தோலை அகலத்துக்கு வெட்டணும். நான் வெட்டித் தரேன்" என்றார்.

யோசேப்பு நாளன்று விடிவதற்கு முன் பெண்கள் தேவாலயத்துக்குப் பின்னால் கூடினார்கள். ஆஃப்ரா ஒவ்வொருத்தி நெஞ்சிலும் கட்டியிருந்த பனிச்சரிவில் புதைந்தால் இடம் காட்டும் கருவி ஒலிக்கிறதா என்று சோதித்து அனுப்பினாள். ரோஸ்விதா வரிசையின் வாலில் ஏறினாள். நேரம் பிடித்தது. மற்றவர்கள் மேலே உட்கார்ந்து பன்றியிறைச்சியை அரிந்து தின்று முடித்த பிறகுதான் கணவாயை எட்டினாள். அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிந்தது: அடுக்கடுக்காக நீலம், நடுவில் ஒரு நூல்போல் புகை. அண்ணன் வீட்டுப் புகை. இரண்டு வருஷமும் அதே வீட்டுக்குள்தான் உட்கார்ந்து சூப் குடித்தாள். மேலிருந்து பார்த்து நாளாகிவிட்டது. இவ்வளவு வானத்துக்குக் கீழே இவ்வளவு சின்ன இடத்திலா நான் பிறந்தேன் என்று நினைத்தாள். கழுத்துத்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள்.

ஒட்டுத்தோலை உரித்து மடித்தாள். மற்றவர்கள் ஒவ்வொருத்தியாக இறங்கிப்போனார்கள். சரிவு நிழலில் இருந்தது. காற்று அடித்த ஓடு, நடுநடுவே பஞ்சுப் பனி. முதல் திருப்பங்கள் கவனமாக வந்தன. பிறகு ஓடு சட்டென்று முடிந்து பஞ்சு தொடங்கிய இடத்தில் அவள் தப்பு செய்தாள். கனம் தவறான காலில் விழுந்தது, உடம்பு பின்னால் போனது. மூட்டு என்று மனசு கத்தியது. பலகை அவளுக்கு முன்னால் மேலெழுந்தது, வால் மெல்ல வழுக்கியது, ஒரு நீண்ட மூச்சு அளவு நேரம் அவள் எதன் மேலும் இல்லை. பிறகு இரண்டும் சுற்றி வந்து, அவள் காலுக்குக் கீழே, சமமாக நின்றன.

அவளும் நின்றுவிட்டாள். எதிரே நிழல் விளிம்பைத் தாண்டி வெயில் பள்ளத்தாக்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்களின் தடங்களையும் அவளுடையதையும் தவிரத் தொடாத வெள்ளை, முகடு வரைக்கும்.

கீழேயிருந்து ஆஃப்ராவின் குரல் வந்தது. "ஏய், முட்டியா?"

"இல்லடி."

"பின்ன என்ன அங்க நட்டு வெச்ச மாதிரி நிக்கற? சூப் ஆறுது."

"ஆறட்டும்" என்றாள் ரோஸ்விதா. இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கோலை ஊன்றி, யாரும் போகாத இடதுபக்கச் சரிவில் பலகைகளைத் திருப்பினாள்.